லென்ஸுக்கு முன்னால் ஒரு கண்ணாடி

ஏப்ரல் 4, வெள்ளி

புது நோட்டு வாங்கினால் முதலில் பெயரை எழுதுங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லிச் சொல்லியே காலத்தை ஓட்டியவன் நான். அந்த முறைப்படி: ஆவுடையப்பன், ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியர், தூத்துக்குடி. மனைவி பிரமநாயகி, தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். நான் பிரமு என்று கூப்பிடுவேன். இந்த நோட்டைத் தொடங்கக் காரணம் ஒரு லென்ஸ்.

போன தீபாவளிக்குப் பிரமு அதை எனக்கு வாங்கித் தந்தாள். "பழைய லென்ஸ்ல நீங்க கொக்கை எடுத்தா கொசு மாதிரில்லா விழுது" என்றாள். தனக்கு வாங்க வேண்டிய வளையலை அவள் தள்ளிப்போட்டது எனக்குத் தெரியும். நாங்கள் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

இன்று காலை கடற்கரையில் ஓர் அலை பாறையில் மோதி, ஒரு துளி நேராக அந்த லென்ஸின் மேல் வந்து உட்கார்ந்தது. பதற்றத்தில் வேட்டி நுனியால் துடைத்துவிட்டேன். வேட்டியில் மணல் இருந்தது. வீட்டுக்கு வந்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கீறல் இல்லை. ஆனாலும் மதியம் சோறு இறங்கவில்லை.

"அதுக்கு முன்னால எதுவும் போட முடியாதா? டிவி ரிமோட்டுக்கே பாலிதீன் போட்டு வச்சிருக்கோம்" என்றாள் பிரமு.

போடலாம். அதற்குப் பெயர் யு.வி. ஃபில்டர்.

ஏப்ரல் 6, ஞாயிறு

கபீரின் கேமரா கடைக்குப் போனேன். என்னிடம் படித்தவர் இல்லை, ஆனாலும் ஊரில் எல்லோரையும் போல சார் என்றுதான் கூப்பிடுவார்.

பிரமுவுக்கு விளக்கியதை இங்கேயும் எழுதி வைக்கிறேன். வெயிலில் நம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர் உண்டு. ஃபிலிம் காலத்தில் அது படத்தில் நீல மூட்டமாக விழும். அதைத் தடுக்கத்தான் இந்தக் கண்ணாடியைக் கண்டுபிடித்தார்கள். இப்போதைய கேமராவுக்கு அந்தத் தொல்லை அநேகமாகக் கிடையாது. ஆனாலும் எல்லோரும் வாங்குகிறார்கள், ஏனென்றால் அடி, உப்பு, மணல் எல்லாவற்றையும் அது தன் மேல் வாங்கிக்கொள்ளும். வெயிலுக்காக வாங்கிய குடை நாயை விரட்டப் பயன்படுகிற மாதிரி. ஒரே ஆபத்து, மட்டமான கண்ணாடியாக இருந்தால் வெளிச்சம் அதற்குள் பட்டுத் திரும்பி, விளக்கைச் சுற்றி வளையம் விழும். நிறமும் மாறும்.

கபீர் ஒன்றை எடுத்துத் தந்தார். கடையிலேயே மாட்டினேன். இனி அந்த லென்ஸ் வெறுமுகத்தோடு வெளியே வராது என்று முடிவு செய்திருக்கிறேன். பிரமு கொடுத்தது.

ஏப்ரல் 8, செவ்வாய்

உப்பளத்துக்குப் போனேன். ஏமாற்றம். வெயிலில் கேமராவின் பின் திரை தெரியாது, ஆகவே நான் எப்போதும் வியூஃபைண்டரில் வலது கண்ணை வைத்துத்தான் பார்ப்பேன். உப்புக் குவியல் எல்லாம் நாட்டுச் சர்க்கரை மாதிரி தெரிகிறது. ஃபில்டர் மஞ்சள் அடிக்கிறது.

வீட்டுக்கு வந்து ஃபில்டரைக் கழற்றி, இடது கண்ணை மூடி, வலது கண்ணுக்கு நேராகப் பிடித்து ஜன்னலைப் பார்த்தேன். மஞ்சள்தான். மூட்டமும் இருக்கிறது. கையை இறக்கிவிட்டுப் பார்த்தேன், தெளிவாக இருந்தது. சோதனை முடிந்தது. திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதான்.

பி.கு. நம் தெருவில் புதிதாகப் போட்ட விளக்குகள் சரியில்லை. ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு வளையம். மாநகராட்சிக்கு எழுத வேண்டும்.

ஏப்ரல் 9, புதன்

கபீர் ஃபில்டரை ஒரு வெள்ளைத் தாளின் மேல் வைத்தார். "பாருங்க சார். எங்கயாவது மஞ்சள் தெரியுதா?"

தெரியவில்லை. ஆனால் தாளில் வைத்துப் பார்ப்பதும் கண்ணில் வைத்துப் பார்ப்பதும் ஒன்றல்ல, ஒளி விழும் கோணம் வேறு என்று அவருக்குப் பொறுமையாக விளக்கினேன். அவரும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். இன்னும் உயர்ந்த ரகம் ஒன்றைத் தந்தார்.

ஏப்ரல் 11, வெள்ளி

இதுவும் மஞ்சள்.

ஏப்ரல் 15, செவ்வாய்

பெரிய செய்தி. எங்கள் பள்ளி டிரில் மாஸ்டர் பர்னபாஸ் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறார். அவரும் அடுத்த வருடம் ஓய்வு பெறுகிறவர்தான். மணமகள் நூலகர் ஜெசிந்தா. இருவரும் ஒரே பள்ளியில் எத்தனையோ வருடமாக ஒருவரை ஒருவர் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தது எங்கள் எல்லோருக்கும் தெரியும். டிரில் மாஸ்டர் நூலகத்தில் எடுத்த புத்தகங்களை அவர் படித்திருந்தால் இன்று பேராசிரியர் ஆகியிருப்பார்.

"போட்டோ நீங்கதான் சார் எடுக்கணும்" என்றார் பர்னபாஸ். "ஸ்டூடியோக்காரன் வந்தா தாடையத் தூக்கு, தோள்ல கையப் போடுன்னு சொல்லுவான். இந்த வயசுல எங்களால அது முடியாது. நீங்கன்னா சும்மா நின்னுக்கிட்டு எடுப்பீய."

இதைவிட ஒரு மரியாதை எனக்கு வேண்டியதில்லை. ஜூன் 11 கல்யாணம், அதற்கு முன்னால் நிச்சயம். அதற்குள் நல்ல ஃபில்டராக ஒன்று கிடைத்தாக வேண்டும். ஜூனில் கச்சான் காற்று மணலை வாரி முகத்தில் அடிக்கும்.

ஏப்ரல் 19, சனி

மூன்றாவது ஃபில்டர். இதன் பெட்டியே நகைப் பெட்டி மாதிரி இருக்கிறது. வலது கண்ணில் வைத்துப் பார்த்தேன். அதே மஞ்சள். இந்தக் கம்பெனிகள் எல்லாம் பேசி வைத்துக்கொண்டு செய்கின்றன போலிருக்கிறது.

பிரமு தம்ளரில் காப்பி ஊற்றச் சொன்னாள். தம்ளருக்குப் பக்கத்தில் ஊற்றிவிட்டேன். தம்ளர் நகர்ந்திருந்தது.

ஏப்ரல் 28, திங்கள்

இன்று நிச்சயம். ஜெசிந்தாவின் வீட்டு மொட்டை மாடியில், பந்தலுக்குக் கீழே. பிரமு காப்பிக் கலர் பட்டு கட்டி வந்தாள். கேமராவில் கண்ணை வைத்தபடியே, "காப்பிக் கலர் உனக்கு எடுப்பா இருக்கு" என்றேன். அவள் புடவையைக் குனிந்து பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். 

ஃபில்டரின் மஞ்சளுக்கு ஒரு வழி கண்டுபிடித்துவிட்டேன். கேமராவில் வெள்ளையைச் சரிசெய்யும் அமைப்பு ஒன்று உண்டு. வியூஃபைண்டரில் பார்த்தபடியே, ஜெசிந்தாவின் வெள்ளைப் புடவை சுத்த வெள்ளையாகத் தெரியும்வரை அதைத் திருகினேன். கடிகாரம் பத்து நிமிடம் பிந்தினால் பத்து நிமிடம் முன்னால் தள்ளி வைக்கிற மாதிரி. படங்கள் எல்லாம் அருமையாக வந்தன. நாளை பர்னபாஸ் வீட்டு டிவியில் போட்டுப் பார்க்கப் போகிறோம்.

ஏப்ரல் 29, செவ்வாய்

எல்லாம் நீலம்.

பர்னபாஸ் நீலம், ஜெசிந்தா நீலம், பாதிரியார் நீலம், கேக் நீலம். 

"சார்" என்றார் பர்னபாஸ், மெதுவாக. "நான் செத்து ரெண்டு நாள் கழிச்சு எடுத்த மாதிரி இருக்கு."

"எனக்குப் பிடிச்சிருக்கு. கடலுக்கு அடியில வச்சு நிச்சயம் பண்ணின மாதிரி. மீனு மட்டுந்தான் வரல" என்றார் ஜெசிந்தா.

எல்லோரும் சிரித்தார்கள், நானும். ஆனால் ஜெசிந்தாவின் தம்பி ரெக்ஸ் சிரிக்கவில்லை. அவர் மரியாதையான மனிதர், ஆகவே என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னார். "கல்யாணத்துக்கு எதுக்கும் ஒரு ஸ்டூடியோவுக்குச் சொல்லி வைப்போமா? கோயில்ல ஒரு தடவதான மோதிரம் மாத்துவாங்க."

"ஃபைனலுக்கு முன்னால கோல்கீப்பரை மாத்துத பழக்கம் எனக்கு இல்ல" என்றார் பர்னபாஸ்.

அவர் அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் சுலபமாக விலகியிருப்பேன். வீட்டுக்கு நடந்து வரும்போது பிரமுவிடம், முதலில் மஞ்சள் அடித்த ஃபில்டர் இப்போது நீலம் அடிக்கிறது, இப்படி ஒரு கண்ணாடியை நான் பார்த்ததே இல்லை என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். தெருவில் அவள் அப்படிச் செய்வதில்லை. நடைபாதையில் ஒரு கல் பெயர்ந்திருந்தது, அதனால்தான் பிடித்திருப்பாள்.

ஏப்ரல் 30, புதன்

காலையில் பிரமு ஒரு சில்வர் தட்டில் உப்பைப் பரப்பிச் சாப்பாட்டு மேசையில் கொண்டுவந்து வைத்தாள்.

"அந்தக் கண்ணாடிய எப்படிச் சோதிச்சீயன்னு எனக்கும் காட்டுங்க."

சந்தோஷமாகக் காட்டினேன். இடது கண்ணை மூடி, ஃபில்டரை வலது கண்ணில் வைத்தேன். "மஞ்சள்" என்றேன். கையை இறக்கினேன். "வெள்ளை."

"இப்ப ரெண்டு கண்ணும் திறந்திருக்கு."

"ஆமா."

"அப்ப ஒண்ணு மூடியிருந்துச்சு."

"ஆமா. அதுக்கென்ன?"

"நீங்க நம்ம மக அபிராமிக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கும்போது நான் அடுக்களையில நின்னு கேட்டிருக்கேன்" என்றாள். "ஒரு சோதனையில ஒண்ணத்தான் மாத்தணும். ரெண்ட மாத்தினா பதில் யாரோடதுன்னு தெரியாது. அந்தப் பிள்ளை தூக்கத்துலகூட அதைச் சொல்லும். இப்ப நீங்க கண்ணாடியையும் மாத்துதீய, கண்ணையும் மாத்துதீய."

நான் ஃபில்டரை மேசையில் வைத்தேன். இடது கண்ணை மூடினேன். வெறும் வலது கண்ணால் தட்டைப் பார்த்தேன்.

உப்பு மஞ்சளாகவே இருந்தது.

பிரமு வலது பக்கமாக நின்றிருந்தாள். அவள் முகத்திலும் அந்த மூட்டம் இருந்தது. அவள் பின்னால் போய், என் தோளில் கை வைத்தாள். "என் பட்டுப்புடவை காப்பிக் கலர் இல்ல" என்றாள். "அப்பவே நினைச்சேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று ஃபில்டரைக் குற்றம் சொன்னேன், மாநகராட்சி விளக்கைச் சொன்னேன், தம்ளரைச் சொன்னேன். வகுப்பில் ஒரு பையன் இப்படிச் செய்திருந்தால் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பேன். அவளும் சிரித்தாள். ஆனால் கையை மட்டும் எடுக்கவில்லை.

மே 2, வெள்ளி

கண் ஆஸ்பத்திரி. டாக்டர் ஹெப்சிபா விளக்கைப் பாய்ச்சிப் பார்த்தார். வலது கண்ணில் புரை முற்றியிருக்கிறது, இடது கண்ணில் தொடக்கம். கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் பழசாகி மஞ்சளித்து மூட்டம் போட்டுவிட்டது. பழைய பாலிதீன் உறை மாதிரி என்று நானே எடுத்துச் சொன்னேன். நல்ல உதாரணம் என்றார். அதை எடுத்துவிட்டுப் புது லென்ஸ் வைப்பாராம்.

"புது லென்ஸ்ல யு.வி. ஃபில்டர் உண்டா டாக்டர்?"

"உள்ளயே சேர்ந்து வரும் சார். ஆனா பிடிக்கலைன்னு கழற்றிக் கடையில திருப்பிக் கொடுக்க முடியாது."

பிரமு எல்லாவற்றையும் அவரிடம் முன்னாலேயே சொல்லி வைத்திருக்கிறாள்.

மே 14 ஆபரேஷன். ஜூன் 11-க்குள் கேமரா பிடிக்கலாமா என்று கேட்டேன். சொட்டு மருந்தைச் சரியாகப் போட்டு, தூசியில் போகாமல், சொன்னபடி இருந்தால் பிடிக்கலாம் என்றார். "சில பேருக்கு ஆற நாளாகும். அதையும் சொல்லணும்ல" என்றார்.

பர்னபாஸிடம் சொன்னேன். ரெக்ஸ் சொன்னபடி ஸ்டூடியோவுக்குச் சொல்லிவிடுங்கள், நான் விருந்தாளியாக வருகிறேன் என்றேன். அவர் கழுத்தில் விசில் இருந்தது. அதை எடுத்து வாயில் வைத்து மெல்ல ஊதினார். எங்கள் பள்ளியில் அதற்கு 'இடத்துக்குப் போ' என்று அர்த்தம்.

மே 13, செவ்வாய்

தண்ணீர்த் தொட்டியைக் கழுவினேன். மாவு மில்லுக்குப் போய் வந்தேன். கேஸ் சிலிண்டருக்குச் சொன்னேன். மின்விசிறியின் இறக்கைகளைத் துடைத்தேன். பிரமு காய் நறுக்கும்போது எதிரில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். "என்னங்க?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன்.

மே 14, புதன்

இன்று அவர்கள் எழுதக் கூடாது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டுப் போட்டுப் படுத்தபடியே நர்ஸுக்கு ஒளி விலகல் பாடம் எடுக்கிறார்கள். அந்தப் பெண் ஓடவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் தவிக்கிறாள். – பி.

மே 15, வியாழன்

கட்டைப் பிரித்தார்கள்.

முதலில் வெளிச்சம், பிறகு வெள்ளைச் சுவர். சுண்ணாம்பு இவ்வளவு வெள்ளையாக இருக்கும் என்பதை நான் மறந்தே போயிருக்கிறேன். ஜன்னலுக்கு வெளியே வானம் நீலமாக இருந்தது. சாதாரணமாக எழுதுகிறேன், ஆனால் சாதாரணமாக இல்லை.

பிரமு அந்தப் பட்டைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். ஆஸ்பத்திரிக்கு யாராவது பட்டுக் கட்டுவார்களா? அது கத்தரிப்பூ நிறம். காப்பி நிறம் அதற்குப் பக்கத்துத் தெருவில்கூட இல்லை.

"இப்பச் சொல்லுங்க, என்ன கலர்?"

சொன்னேன். அவள் கேட்காமலே இன்னொரு தடவையும் சொன்னேன். 

வெளியே போகும்போது போட ஒரு கறுப்புக் கண்ணாடி தந்திருக்கிறார்கள். எனக்கும் ஒரு ஃபில்டர்.

மே 24, சனி

கபீர் கடை. "உங்க மூணு ஃபில்டரும் நல்லதுதான், என்னைத்தான் திருப்பிக் கொடுத்திருக்கணும்" என்றேன்.

"தெரியும் சார்" என்றார்.

"தெரிஞ்சும் சொல்லலையே?"

"சொல்லலாம்னுதான் நினைச்சேன். நீங்க கோணம் பத்தி ஆரம்பிச்சுட்டீய. முடியுததுக்குள்ள கடை சாத்துத நேரம் ஆயிட்டு."

முதலில் வாங்கிய ஃபில்டரையே கேட்டு வாங்கிக்கொண்டேன். இடது கண்ணை மூடி, ஃபில்டரோடும் ஃபில்டர் இல்லாமலும், முறைப்படி. வித்தியாசமே தெரியவில்லை. நல்ல ஃபில்டருக்கு அதுதான் அடையாளம்.

ஜூன் 6, வெள்ளி

டாக்டர் அனுமதி கொடுத்துவிட்டார். கேமராவைக் கண்ணில் அழுத்தாமல் பிடிக்க வேண்டும். அவ்வளவுதான்.

ஜூன் 12, வியாழன்

நேற்று எழுத நேரமில்லை. நிறைய இருக்கிறது.

காலையில் கோயிலில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. மோதிரம் மாற்றும்போது பர்னபாஸின் கை நடுங்கியது. ஜெசிந்தா அவர் கையைப் பிடித்து நிறுத்தி மோதிரத்தைப் போட்டார், நூலகத்தில் தாறுமாறாக இருக்கும் புத்தகத்தை நேராக வைக்கிற மாதிரி. அந்தப் படம் என்னிடம் இருக்கிறது. திரையில் பத்துத் தடவை பார்த்துவிட்டேன். வெள்ளை வெள்ளையாக இருக்கிறது. ரெக்ஸ் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, "நல்லா இருக்கு சார்" என்றார். இந்தத் தடவை என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

விருந்து பள்ளி மைதானத்தில். மாஸ்டரின் பழைய கால்பந்து அணிகள் எல்லாம் வந்திருந்தன. வழுக்கை விழுந்தவர்கள், தொப்பை போட்டவர்கள். சாப்பாடு முடிந்ததும் எவரோ பந்தைக் கொண்டுவந்துவிட்டார். கோட்டும் சூட்டுமாக மாஸ்டர் ஒரு பெனால்டி அடிக்க வேண்டும் என்று ஒரே சத்தம்.

"இந்தச் சப்பாத்துல அடிச்சா எங்க போகும்னு தெரியாதுல" என்றார் அவர்.

"எங்க போனாலும் கோல்தான் சார், இன்னைக்கு உங்க நாள்" என்றார் ஒரு வழுக்கை.

பெரிய குரூப் படத்துக்காக நான் முக்காலியில் கேமராவை மாட்டி, கோல் போஸ்டுக்குப் பக்கவாட்டில் வைத்திருந்தேன். கச்சான் வேறு அடித்துக்கொண்டிருந்தது. மாஸ்டர் ஓடிவந்து அடித்தார். பந்து காற்றில் வளைந்து, கோல் போஸ்டை விட்டுவிட்டு, முக்காலியின் மேல் பட்டது. கேமரா முகம் குப்புறச் சரளைக் கல்லில் விழுந்தது.

 மாஸ்டர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

நான் கேமராவை எடுத்துத் திருப்பினேன். ஃபில்டர் சிலந்தி வலை மாதிரி விரிசல் விட்டிருந்தது. வளையம் நசுங்கி, கழற்ற வரவில்லை. பிரமு வந்தாள். தலையில் இருந்த ரப்பர் பேண்டைக் கழற்றி வளையத்தைச் சுற்றிப் போட்டாள், ஊறுகாய் பாட்டில் மூடிக்குச் செய்கிற மாதிரி. கேமராவைக் கவிழ்த்துப் பிடிக்கச் சொல்லி, பதமாகத் திருகினாள். வளையம் கழன்றது. கண்ணாடித் துண்டுகள் அவள் முந்தானையில் உதிர்ந்தன.

உள்ளே லென்ஸ் முழுதாக இருந்தது. ஒரு கீறல் இல்லை.

"இருக்கா?" என்றாள் பிரமு.

"இருக்கு" என்றேன்.

மைதானத்தில் எழுந்த கைதட்டல் கோயில் வரைக்கும் கேட்டிருக்கும். மாஸ்டர் எழுந்து வந்து, "சார், ஸாரி சார்" என்றார்.

"கோல்கீப்பர் பிடிச்சுட்டார் மாஸ்டர்" என்று உடைந்த ஃபில்டரைக் காட்டினேன். "போய் வரிசையில நில்லுங்க."

மாற்று ஃபில்டர் கையில் இல்லை. காற்று, மணல், உப்பு எல்லாம் இருந்தன. அந்த லென்ஸை வெறுமையாக வெளியே நீட்ட மாட்டேன் என்று எழுதி வைத்தவன் நான். பிரமுவைப் பார்த்தேன்.

"எடுங்க. பார்க்கத்தான வாங்கிக் கொடுத்தேன்" என்றாள்.

ஒதுங்கி நின்றவளையும் வரிசைக்குப் போகச் சொன்னேன். இடது கண்ணை மூடினேன். லென்ஸுக்கு முன்னாலும் எதுவும் இல்லை, கண்ணுக்கு முன்னாலும் எதுவும் இல்லை. மணமக்கள், வழுக்கைகள், தொப்பைகள், வெள்ளைப் பந்து. ஓரத்தில் காற்றில் ஒரு கத்தரிப்பூ முந்தானை பறந்துகொண்டிருந்தது. அழுத்தினேன்.

ஜூன் 15, ஞாயிறு

பர்னபாஸ் வீட்டு டிவியில் படங்களைப் பார்த்தோம். மோதிரப் படம் வந்ததும் ஜெசிந்தா எழுந்து போய்க் காப்பி கொண்டுவந்தார். மாஸ்டர் குரூப் படத்தில் தன் முகத்தை வெகுநேரம் பார்த்தார்.

"இப்பதான் சார் உயிரோட இருக்கேன்" என்றார்.

அந்தப் படத்தையே பெரிதாகப் போட்டுச் சுவரில் மாட்டப் போகிறார்களாம். நிச்சயத்தில் நீலமாக விழுந்த ஒன்றையும் பக்கத்தில் மாட்ட வேண்டும் என்று ஜெசிந்தா பிடிவாதமாக இருக்கிறார். மீன் மட்டும் வரைந்து சேர்க்க வேண்டுமாம்.

நாளை கபீர் கடைக்கு. ஃபில்டர் ஒன்று வாங்க வேண்டும். இந்தத் தடவை பிரமுவையும் கூட்டிக்கொண்டு போகிறேன். தெருவில் கல் எதுவும் பெயர்ந்திருக்கவில்லை என்றாலும் கையைப் பிடித்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள்.